இரண்டு குச்சிகளுக்கு நடுவே: லண்டனிலிருந்து ஹாம்பிள்டன் மேட்டுக்கு

இங்கிலாந்தில் கிரிக்கெட்டின் பழைய தடங்களைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஆஷஸ் தாழியைக் கண்டு, அத்துடன் நிறைவடைந்து திரும்பிவிடுகின்றனர். ஆயினும் இந்த ஆட்டத்தின் மிக அடிப்படையான விதிகளில் இரண்டு, அதாவது மட்டையின் அகலத்துக்கு வரம்பு உண்டு என்பதும் விக்கெட்டுக்கு மூன்று குச்சிகள் வேண்டும் என்பதும், மெரில்போன் கிரிக்கெட் கிளப் 1787இல் தோன்றுவதற்கு முன்பே ஆட்டத்துக்குள் வந்துவிட்டவை. அவை பிறந்த இடங்களைக் காண விரும்புபவர், லண்டன் நகரத்தின் நடுவே ஒரு படைப்பிரிவுக்குச் சொந்தமான புல்வெளி, தேம்ஸ் கரையில் ஒரு பழைய மேய்ச்சல் நிலம், ஹாம்ப்ஷயரில் ஓயாமல் காற்றடிக்கும் ஒரு சுண்ணாம்பு மேடு ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாகவேண்டும். மூன்று இடங்களையும் இணைப்பவை சில கிளப் ஆட்டங்கள். அவை ஒரு விக்கெட்டிலோ ஒரே ஓட்டத்திலோ முடிந்தவை என்பது தற்செயல் அன்று. நூறு ஓட்டங்களில் தோற்றவருக்கு எதிராளியின் மட்டை எவ்வளவு அகலம் என்பது உறைப்பதில்லை. ஒரே ஓட்டம் மிஞ்சி நிற்கும்போதுதான் மைதானத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அளந்து பார்க்கத்தக்கதாகிவிடுகிறது.

முதலிடமான ஆர்ட்டிலரி கிரவுண்ட், லண்டனின் பணப் பரிவர்த்தனைப் பகுதிக்கு வடக்கே, சிட்டி ரோடு என்ற பெருஞ்சாலைக்கும் பன்ஹில் ரோ என்ற தெருவுக்கும் இடையே அமைந்துள்ளது. மூர்கேட், ஓல்ட் ஸ்ட்ரீட் ஆகிய சுரங்க ரயில் நிலையங்கள் இரண்டிலிருந்தும் நடந்தே சென்றுவிடலாம். எட்டாம் ஹென்றி மன்னரிடம் 1537இல் சாசனம் பெற்ற ஹானரபிள் ஆர்ட்டிலரி கம்பெனி என்ற படைப்பிரிவுக்கு உரியது இந்நிலம். இன்றைய இடத்துக்கு அப்படை வந்தது 1641இல். தனியார் நிலமாதலால் உள்ளே செல்ல அழைப்பு வேண்டும் என்றாலும், வாயிலருகே நிற்பவருக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் நான்கு புறமும் சூழ்ந்த பச்சைச் சதுரம் ஒன்றும், அதன் வடக்கே 1735இல் எழுந்த படைக்கல இல்லமும் தெரிகின்றன. சற்றுத் தள்ளி, பனியன், டெஃபோ, பிளேக் ஆகியோர் அடக்கமான பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டம் இருப்பதால், இப்பக்கம் வரும் இலக்கிய வாசகர்கள் பலர் கிரிக்கெட் மைதானத்தைக் கவனிக்காமலே அதைக் கடந்து போகின்றனர். 1784இல் லுனார்டி என்ற இத்தாலியர் பலூனில் ஏறி வானத்தில் பறந்ததும் இதே புல்வெளியிலிருந்துதான். பொதுமக்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்க்கும் இடமாக அந்நூற்றாண்டு முழுவதும் இது விளங்கியது.

அப்படிக் காசு கொடுத்துப் பார்க்கப்பட்ட வேடிக்கைகளில் தலையாயது கிரிக்கெட். 1744 ஜூன் 18 அன்று கென்ட் அணிக்கும் அனைத்து இங்கிலாந்து அணிக்கும் இங்கு நடந்த ஆட்டம், பெரிய ஆட்டங்களில் முழு ஓட்டக் கணக்கு இன்று வரை எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. இங்கிலாந்து அணி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 40, 70 என 110 ஓட்டங்கள் எடுத்தது. கென்ட் முதல் இன்னிங்ஸில் 53 எடுத்தபின், வெற்றிக்கு 58 தேவை என்ற நிலையில் 9 விக்கெட்டுகளை இழந்து இலக்கைத் தொட்டு, ஒரே விக்கெட்டில் வென்றது. கடைசி இணை ஆடிக்கொண்டிருந்தபோது, அக்காலத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவரும் ரிச்மண்ட் பிரபுவிடம் குதிரைக்காரராகப் பணியாற்றியவருமான தாமஸ் வேமார்க் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார் என்பதை, அந்த ஆட்டத்தையே பொருளாகக் கொண்டு ஜேம்ஸ் லவ் இயற்றிய நீண்ட செய்யுள் பதிவு செய்திருக்கிறது. கையில் விழுந்த பந்தை நழுவவிட்ட ஒரு குதிரைக்காரரை இருநூற்றெண்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருப்பது சற்றுக் கொடுமைதான். எனினும் அவர் அதைப் பிடித்திருந்தால் இங்கிலாந்து வென்றிருக்கும், அந்த ஆட்டத்தைப் பாட எவருக்கும் தோன்றியிருக்காது.

இந்த ஆட்டங்களை ஆடியவர்கள் யார் என்பதை இங்கு விளக்குவது தேவை. அமெச்சூர் என்ற சொல் பொழுதுபோக்குக்காக, கூலி பெறாமல் ஆடுபவரைக் குறிக்கும். அதற்கு எதிர்நிலையில் இருப்பவர் தொழில்முறை ஆட்டக்காரர். பதினெட்டாம் நூற்றாண்டில் கிளப் என்பது நிலவுடைமையாளர்களும் பாதிரிமார்களும் இராணுவ அதிகாரிகளும் சேர்ந்து உண்டு குடித்துப் பந்தயம் கட்டும் சங்கமாக இருந்தது; அவர்கள் சார்பாக மைதானத்தில் இறங்கியவர்களிலோ செருப்புத் தைப்பவர், மண்பாண்டம் வனைபவர், தோட்டக்காரர், உழவர், விடுதி நடத்துபவர் எனக் கைத்தொழிலாளர்கள் மிகுதி. அவர்களுக்கு ஆட்ட நாளில் ஊதியம் தரப்பட்டது. ஊதியம் தந்த பிரபுவும் அதே அணியில் பத்தோடு பதினொன்றாக ஆடியதுண்டு. பிற்காலத்தில் இந்தக் கலப்பு இறுகி, ஓட்டக் கணக்குப் பட்டியலில் அமெச்சூர் ஒருவரின் பெயருக்கு முன்னே முதலெழுத்துகளை இட்டும், தொழில்முறை ஆட்டக்காரரை வெறும் குடும்பப் பெயரால் குறித்தும் வேறுபடுத்தும் வழக்கம் வரை சென்றது. இங்கிலாந்தின் முதல்தர கிரிக்கெட்டில் அந்தப் பாகுபாடு ஒழிக்கப்பட்டது 1962இல்தான். இன்று அந்நாட்டுக் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் வார இறுதிகளில் ஆடப்படும் கிளப் கிரிக்கெட், ஊதியமில்லாத, பெரும்பாலும் ஆடுபவரே சந்தா செலுத்தி ஆடுகிற ஆட்டம்.

ஆர்ட்டிலரி கிரவுண்டின் மிகப் புகழ்பெற்ற ஆட்டம் 1775 மே 22 அன்று தொடங்கியது. ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டன் கிளப்பைச் சேர்ந்த ஐவரும் கென்ட்டின் ஐவரும் மோதிய இந்த ஆட்டம் ஒற்றை விக்கெட் வகையைச் சேர்ந்தது. அதாவது, மட்டையாளர் ஒருவர் மட்டுமே களத்தில் நிற்பார், அவருக்கு மறுமுனையில் துணை கிடையாது. கென்ட் அணிக்காகப் பந்து வீசியவர் எட்வர்ட் ஸ்டீவன்ஸ். லம்பி என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட இவர் சர்ரே பகுதியில் டேங்கர்வில் பிரபுவின் தோட்டக்காரர். இரு அணிகளின் வலிமையைச் சமன் செய்ய வேற்றூர் ஆட்டக்காரரை ஓர் அணிக்கு இரவல் தருவது அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கமாதலால், கென்ட் அணியில் அவர் ஆடியதை எவரும் குறையாகக் கருதவில்லை. ஹாம்பிள்டனின் கடைசி ஆளாக, 38 வயது ஜான் ஸ்மால் மட்டையுடன் இறங்கியபோது வெற்றிக்கு இன்னும் 14 ஓட்டங்கள் தேவைப்பட்டன.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள அன்றைய விக்கெட்டின் அமைப்பை அறியவேண்டும். தரையில் நட்ட இரண்டே குச்சிகள், அவற்றின் தலையில் குறுக்காகக் கிடக்கும் ஒரே பெயில், இவ்வளவுதான் அன்றைய விக்கெட். விதிப்படி உயரம் 22 அங்குலம், அகலம் 6 அங்குலம். இன்றைய அளவையில் சுமார் 56 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர். கிரிக்கெட் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 9 அங்குலம் என்பதால் அதன் குறுக்களவு 7 சென்டிமீட்டரை ஒட்டி வரும். எனவே இரு குச்சிகளுக்கும் நடுவே, எதையும் தொடாமல், பந்து தாராளமாகப் புகுந்து போகலாம். பெயில் விழாதவரை மட்டையாளர் ஆட்டமிழந்தவராகமாட்டார். ஓரத்துக் குச்சியை உரசிய சுமாரான பந்துக்கு விக்கெட் கிடைக்கும், நேர் நடுவில் வந்த மிகச் சிறந்த பந்துக்கு ஒன்றும் கிடைக்காது என்ற விந்தையான நிலை இதனால் உண்டாயிற்று. தெருவில் இரண்டு குச்சிகளை மட்டும் நட்டு ஆடியிருக்கும் எவருக்கும் இதிலிருந்து கிளம்பும் வாக்குவாதம் எப்படிப்பட்டது என்பதை விளக்கத் தேவையில்லை.

அன்று பந்து வீச்சு முழுவதும் கையைத் தோளுக்குக் கீழே வைத்து வீசும் முறையில் இருந்தது. அது மென்மையான வீச்சு என்று இன்றைய வாசகர் எண்ணிவிடக்கூடாது. தரையில் உருட்டிவிடும் பழைய வழக்கம் மறைந்து, மட்டையாளருக்கு முன்னே குறித்த இடத்தில் பந்தைக் குத்தவைக்கும் முறை வந்துவிட்டிருந்தது, அந்த இடத்தைத் தவறாமல் கண்டடைவதில் லம்பிக்கு நிகரானவர் அரிது. ஆடுகளத்தை எங்கே அமைப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைக்கும்போதெல்லாம், சிறு மேடு உள்ள இடமாகப் பார்த்து அவர் விக்கெட்டை நடச் செய்வார்; பந்து அந்த மேட்டின் சரிவில் பட்டு, தரையோடு தரையாகச் சறுக்கிச் செல்லும். இப்படிப்பட்டவரை எதிர்த்து, துணை மட்டையாளர் இல்லாமல், ஒரே தவறில் ஆட்டமே போய்விடும் என்ற நிலையில் நின்ற ஸ்மால் 14 ஓட்டங்களையும் எடுத்து முடித்தார். இடையே லம்பியின் பந்து மூன்று முறை ஸ்மாலின் குச்சிகளுக்கு நடுவே புகுந்து, பெயிலைத் தொடாமல் பின்னால் போய்விட்டது. ஹாம்பிள்டன் ஒரு விக்கெட்டில் வென்றது.

இந்தச் செய்தியை எழுதிவைத்தவர் ஜான் நைரன். ஹாம்பிள்டன் அணியின் தலைவர் ரிச்சர்ட் நைரனின் மகன். 1775இல் 10 வயதுச் சிறுவனாக இருந்த அவர், 1833இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புகளில் எதிரணியை அனைத்து இங்கிலாந்து என்று குறிக்கிறார். பிற பதிவுகள் அதைக் கென்ட் என்கின்றன. ஊர்ப்பெருமை கலந்த நினைவு எதிராளியைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுவது இயல்பே. நைரனின் கூற்றுப்படி, நேராக வந்த பந்துகளே வீணாவது பந்து வீச்சாளருக்கு இழைக்கப்படும் அநீதி என்று பார்த்தவர்கள் கருதியதால் குச்சிகள் இரண்டிலிருந்து மூன்றாயின. கணக்கும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. அதே 6 அங்குல அகலத்தின் நடுவில் இன்னொரு குச்சியை நட்டுவிட்டால் எஞ்சும் இடைவெளி ஒவ்வொன்றும் பந்தின் குறுக்களவைவிடச் சிறிதாகிவிடுகிறது. இம்மாற்றம் ஒரே நாளில் எல்லா மைதானங்களுக்கும் பரவிவிடவில்லை; மூன்றாவது குச்சி பயன்பட்டதற்கான பழைய பதிவு அடுத்த ஆண்டு, 1776 செப்டம்பரில், தேம்ஸ் கரையிலுள்ள செர்ட்ஸி அணியின் மைதானத்திலிருந்து கிடைக்கிறது.

இனி மட்டையாளர்கள் நிலைக்கமாட்டார்கள், ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிடும் என்று அன்று பலரும் அஞ்சினர். நடந்தது அதற்கு நேர்மாறானது. குறி பெரிதானதும் மட்டையாளர் தற்காப்பில் கூடுதல் கவனம் செலுத்தக் கற்றார். 1777 ஜூனில் கென்ட்டின் செவனோக்ஸ் நகரில் உள்ள வைன் மைதானத்தில் இங்கிலாந்து அணிக்கு எதிராக ஹாம்பிள்டனின் ஜேம்ஸ் ஏல்வர்ட் புதன்கிழமை மாலை 5 மணிக்கு மட்டை பிடித்து, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பிறகே ஆட்டமிழந்தார்; எடுத்தது 167 ஓட்டங்கள். ஹாம்பிள்டன் மொத்தம் 403 எடுத்து, ஓர் இன்னிங்ஸ் மற்றும் 168 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. அந்த மாபெரும் வெற்றியிலிருந்து புதிய விதி எதுவும் பிறக்கவில்லை என்பதையும் சேர்த்தே குறிப்பிடவேண்டும்.

செர்ட்ஸிக்குப் போக லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து தென்மேற்காகச் செல்லும் ரயில் பாதையைப் பிடிக்கவேண்டும். வழியில் வரும் வால்டன் ஊரின் தேவாலய வளாகத்தில்தான் லம்பி ஸ்டீவன்ஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தம் தோட்டக்காரருக்குக் கல் நட்டவர் டேங்கர்வில் பிரபு. வேபிரிட்ஜில் இறங்கி வேறு வண்டி மாறினால் செர்ட்ஸி வந்துவிடும். அங்கிருந்து தேம்ஸ் ஆற்றை நோக்கி நடப்பவருக்கு, ஆற்றுக்கும் அதன் கிளையான அபி ரிவருக்கும் இடையே நீண்டு கிடக்கும் தட்டையான வெளி எதிர்ப்படுகிறது. லேலம் பர்வே என்ற இந்த நிலம் முற்காலத்தில் கால்நடை மேய்ச்சலுக்கு உரியது. இன்று அதில் பெரும்பகுதி கோல்ஃப் மைதானம். அருகே எம்3 நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கும் இரைச்சல் எந்நேரமும் கேட்கிறது. கிரிக்கெட்டை நினைவூட்டும் எதையும் எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். ஆனால் புல்லின் நெருக்கத்தையும் தரையின் சமநிலையையும் பார்த்தால், பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்கத் தோன்றாது.

1771 செப்டம்பர் 23, 24 நாட்களில் இங்கே செர்ட்ஸி அணியும் ஹாம்பிள்டன் அணியும் 50 பவுண்டு பந்தயத்துக்கு மோதின. ஹாம்பிள்டன் மொத்தம் 218, செர்ட்ஸி 217. ஒரே ஓட்டத்தில் ஹாம்பிள்டன் வென்றது. ஓட்டத்தை அக்காலத்தில் வெட்டு என்றே கூறினர், ஏனெனில் கணக்கர் ஒரு கழியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கத்தியால் அதில் ஒரு கீற்று வெட்டுவார், பத்தாவது கீற்றை மற்றவற்றைவிட ஆழமாக வெட்டுவார். நானூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் எடுக்கப்பட்ட ஆட்டத்தில் மிஞ்சியது ஒரு கத்திக் கீற்று. அத்தகைய ஆட்டத்தில்தான் ரெய்கேட் ஊரைச் சேர்ந்த தாமஸ் ஒயிட், விக்கெட் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமான மட்டையைக் கொண்டுவந்து நின்றார். மட்டைக்கு அகல வரம்பு எதையும் 1744ஆம் ஆண்டு விதித் தொகுப்பு கூறவில்லை. ஆகவே ஒயிட் செய்தது விதிமீறல் ஆகாது. மட்டையை விக்கெட்டுக்கு முன்னால் செங்குத்தாகப் பிடித்தால் போதும், குச்சிகள் முழுவதுமாக மறைந்துவிடும், பந்து வீச்சாளருக்கு வழியே இல்லாமல் போகும்.

ஆட்டம் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஹாம்பிள்டன் கிளப் ஒரு தாளில் தன் முடிவை எழுதிவைத்தது: மட்டையின் அகலம் இனிமேல் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதில் கையொப்பமிட்ட மூவர், கிளப்பின் வேக வீச்சாளர் தாமஸ் பிரெட், அணித்தலைவர் ரிச்சர்ட் நைரன், ஜான் ஸ்மால் ஆகியோர். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, முறையிட்டவர்கள் தோற்றவர்கள் அல்லர், வென்றவர்கள். தோற்ற அணி இதையே கூறியிருந்தால் ஆற்றாமையின் புலம்பல் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். வென்றும் முறையிடும் அணியை அப்படி ஒதுக்கமுடியாது. இரண்டாவது, ஸ்மாலின் தொழிலே மட்டையும் பந்தும் செய்து விற்பது. எவ்வளவு அகலமாகவும் மட்டை செய்து காசு பார்க்கக்கூடிய ஒருவர் அதற்கு வரம்பு கட்டும் தாளில் ஒப்பமிட்டிருக்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்து குச்சிகளின் இடைவெளியால் பயனடைந்தவரும் அவரே என்பதை நினைக்கும்போது, இரண்டு விதிகளின் கதையிலும் ஒரே மட்டைத் தொழிலாளி நடுவில் நிற்பது தெரிகிறது.

1774 பிப்ரவரியில் லண்டன் பால்மால் தெருவில் இருந்த ஸ்டார் அண்ட் கார்ட்டர் விடுதியில் கூடிய பிரபுக்களும் கனவான்களும் விதிகளைத் திருத்தியமைத்தபோது நாலேகால் அங்குலம் பொதுச் சட்டமாயிற்று. குச்சியைக் காலால் வேண்டுமென்றே மறைத்துப் பந்தைத் தடுப்பவர் ஆட்டமிழந்தவராவார் என்ற விதி, அதாவது இன்று எல்பிடபிள்யூ எனப்படுவது, முதன்முதலில் இடம்பெற்றதும் அதே திருத்தத்தில்தான். அகலத்தைச் சோதிக்க ஹாம்பிள்டன் கிளப் ஓர் இரும்புச் சட்டம் செய்து வைத்திருந்ததாகவும், ஐயத்துக்கு இடமான மட்டை அதன் வழியே நுழைந்தால்தான் ஆட்டத்துக்கு அனுமதிக்கப்பட்டது என்றும் நைரன் எழுதுகிறார். விக்கெட்டின் உயரமும் அகலமும் பின்னர் வளர்ந்து இன்றைய 28 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் வந்துவிட்டன, கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி வீசும் முறை 1864இல் ஒப்புக்கொள்ளப்பட்டது, ஆனால் மட்டையின் நாலேகால் அங்குலம் இன்றளவும் மாறவில்லை. இருபது ஓவர் ஆட்டத்தில் சிக்ஸர்களாக விளாசும் நவீன மட்டையின் தடிமனைப் பற்றி எவ்வளவு விவாதம் எழுந்தாலும், அதன் முகத்தின் அகலம் 1771இல் மூன்று கிராமத்தார் குறித்த அளவுதான்.

வாட்டர்லூவிலிருந்து போர்ட்ஸ்மத் செல்லும் பாதையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்தால் பீட்டர்ஸ்ஃபீல்ட் வருகிறது. சந்தைச் சதுக்கத்தில் மூன்றாம் வில்லியம் மன்னர் குதிரைமீது அமர்ந்திருக்கும் சிலையைத் தாண்டினால் புனித பேதுரு தேவாலயம். அதன் வளாகத்தில் 1826இன் கடைசி நாளில் 89ஆம் வயதில் மறைந்த ஜான் ஸ்மால் அடக்கமாகியிருக்கிறார். தமது தொழிலையும், இங்கிலாந்தில் எவருடனும் ஆடத் தயார் என்ற அறைகூவலையும் சேர்த்து எதுகையோடு எழுதிய பலகையை அவர் வீட்டு வாயிலில் தொங்கவிட்டிருந்ததாகச் சொல்வார்கள். வயலின் வாசிப்பதிலும் அவர் கைதேர்ந்தவர்; அதைக் கேள்வியுற்ற டார்செட் பிரபு அவருக்கு ஒரு வயலினை அனுப்ப, ஸ்மால் பதிலுக்குத் தாம் செய்த மட்டைகளையும் பந்துகளையும் அனுப்பிவைத்தார். பிரபு எதிரணியான கென்ட்டின் புரவலர் என்பது இதில் சுவையான செய்தி. வளைந்த முனையுள்ள பழைய மட்டை, உருண்டு வரும் பந்தைத் துடைத்தடிக்க ஏற்றது. தரையில் குத்தி எழும் பந்துக்கு நேரான மட்டை தேவைப்பட்டபோது அதை முதலில் செய்தவர்களிலும் அதைக் கொண்டு ஆடிக் காட்டியவர்களிலும் ஸ்மால் ஒருவர்.

பீட்டர்ஸ்ஃபீல்டிலிருந்து தெற்கே கிளான்ஃபீல்ட் வழியாகச் செல்லும் குறுகிய சாலைகள் சுண்ணாம்புக் குன்றுகளின்மீது ஏறி இறங்கி பிராட்ஹாஃப்பென்னி டவுனை அடைகின்றன. டவுன் என்பது இப்பகுதியில் மரமற்ற புல்மேட்டைக் குறிக்கும் சொல். ஹாம்பிள்டன் கிராமம் இங்கிருந்து இரண்டு மைல் அளவுக்குத் தள்ளியே இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையின்மேல் படிந்த மெல்லிய மண்ணில் மழைநீர் தேங்குவதில்லை, ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல் கட்டையாகிவிடுகிறது. உருளையும் புல்வெட்டும் பொறியும் இல்லாத காலத்தில் ஆடுகளம் அமைக்க இதைவிடத் தோதான நிலம் கிடையாது. மைதானத்தின் ஓரத்தில் 1908இல் நிறுவிய கருங்கல் நினைவுச்சின்னம் நிற்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் பேட் அண்ட் பால் என்ற மது விடுதி. ரிச்சர்ட் நைரன் இதை நடத்திக்கொண்டே எதிரே மைதானத்தையும் பராமரித்து, அணிக்குத் தலைமையும் தாங்கினார். கிளப்பின் குடிமனை, கூட்ட அறை, உடைமாற்றும் இடம் எல்லாமே அந்த ஒரு கட்டடம்தான் என்று கொள்ளலாம்.

இங்கு நிற்பவரை முதலில் தாக்குவது காற்று. இந்தக் காற்றைப் பொறுக்காத டார்செட் பிரபு முதலியோர் கூறியதாலேயே 1782 வாக்கில் கிளப் கிராமத்துக்கு அருகிலுள்ள விண்ட்மில் டவுனுக்கு இடம்பெயர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் லண்டனில் மெரில்போன் கிளப் தோன்றவே, பிரபுக்களும் அவர்களுடைய பணமும் பந்தயங்களும் தலைநகருக்குப் போயின. 1796 ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கு வந்தவர் பட்டியலில் மனித உரிமைகள் நூலின் ஆசிரியர் தாமஸ் பெயின் என்ற பெயரைக் கிளப்பின் குறிப்பேடு சேர்த்திருக்கிறது. இங்கிலாந்தில் கால் வைத்தால் கைதாகும் நிலையில் அவர் அப்போது பிரான்சில் இருந்ததால், வருகையாளர் குறைந்துவிட்ட சங்கத்தில் எவரோ செய்த குறும்பாகவே அதைக் கொள்ளவேண்டியிருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தைப் பற்றி அக்குறிப்பேடு தருவது கனவான்கள் எவரும் வரவில்லை என்ற பதிவு மட்டுமே.

மேடு இப்போது வின்செஸ்டர் கல்லூரியின் உடைமை. பிராட்ஹாஃப்பென்னி பிரிகண்ட்ஸ் என்ற அமெச்சூர் கிளப் கோடை மாதங்களில் இங்கே ஆடுகிறது. ஹாம்பிள்டன் கிராமத்தின் கிளப்புக்கு ரிட்ஜ் மெடோ என்ற வேறு மைதானம் உண்டு. இத்தகைய கிளப் ஆட்டங்களில் நடுவர்களைக் கூலிக்கு அமர்த்துவது அரிது. மட்டை பிடிக்கும் அணியிலேயே ஆட்டமிழந்தவர்களோ இன்னும் இறங்காதவர்களோ வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையில் ஆறு கூழாங்கற்களையோ காசுகளையோ போட்டு, பந்துக்கு ஒன்றாகக் கை மாற்றி எண்ணிக்கொண்டு நடுவராக நிற்கின்றனர். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஏற்பாட்டின் கடினம் வெளியே தெரிவதில்லை. ஒரு விக்கெட் கையிருப்பில், மூன்று ஓட்டங்கள் பாக்கி என்ற நிலை வரும்போது, பந்து மட்டையாளரின் காலுறைக் காப்பில் பட்டு, பதினொரு குரல்கள் ஒருசேர முறையிட, விரலை உயர்த்தித் தம் சொந்த அணியையே தோற்கடிக்கும் பொறுப்பு, அரைமணி நேரத்துக்கு முன் ஆட்டமிழந்து வந்த ஒருவரின் தலையில் விழுகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கும் அந்த நொடியைப் பல அணிகள் நேர்மையாகவே கடந்துவிடுகின்றன. ஆயினும் எல்பிடபிள்யூ முறையீட்டை மட்டும் அணியின் சொந்த நடுவர் ஏற்கவேண்டியதில்லை என்று இரு தலைவர்களும் நாணயம் சுண்டும்போதே பேசிவைத்துக்கொள்வதும் உண்டு, அது சட்டப் புத்தகத்தில் எங்கும் இல்லாத ஒப்பந்தம்.

கணக்கும் இதைப் போலவே இரு தரப்பாலும் எழுதப்படுகிறது. கத்தியும் கழியும் போய் பென்சிலும் கோடிட்ட புத்தகமும் வந்துவிட்டன. ஓட்டமில்லாத பந்துக்குப் புள்ளி, விக்கெட் விழாத, ஓட்டமே தராத ஓவருக்கு ஆங்கில எம் எழுத்து வடிவில் இணைக்கப்பட்ட ஆறு புள்ளிகள். ஒவ்வோர் ஓவர் முடிவிலும் இரு கணக்கர்களும் மொத்தத்தைத் தாழ்ந்த குரலில் ஒப்பிட்டுக்கொள்வார்கள், ஆட்டம் சாய்வில்லாமல் போகப் போக அந்த ஒப்பீடு அடிக்கடி நிகழும். ஒரே ஓட்டத்தில் முடிந்த ஆட்டத்தில் இரண்டு புத்தகங்களும் ஒத்துவராவிட்டால், வென்றதாக நினைத்தவர்களும் தோற்றதாக நினைத்தவர்களும் காலுறைக் காப்புகளைக்கூடக் கழற்றாமல் கணக்கர் மேசையைச் சூழ்ந்து நிற்க, முதல் ஓவரின் முதல் பந்திலிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்குகிறது.